பத்தடி உயரத்தில் பறக்கும் ஆபத்து

ஆகாய விமானத்துக்கு ஆபத்து எங்கே இருக்கிறது? மேகத்துக்கு மேலே, 30 ஆயிரம் அடி உயரத்தில் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம்.

விமானியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். உயரம்தான் அவருக்குத் துணை. மேலே இருக்கும்போது எந்திரம் நின்று போனாலும், மிதந்து மிதந்து இறங்க நேரம் இருக்கிறது. எங்கே இறங்கலாம் என்று யோசிக்க நேரம் இருக்கிறது. தரையை ஒட்டிப் பறந்தால் அந்த நேரம் கிடையாது.

அப்படித் தரையை ஒட்டிப் பறப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். பயிருக்குப் பூச்சி மருந்து தெளிக்கும் விமானிகள்! அவர்கள் பறப்பது 10 அடி உயரத்தில். நம் ஊர் ஓட்டு வீட்டின் முகடு அதைவிட உயரம்.

இந்தத் தொழிலைப் பற்றி இப்போது எழுதக் காரணம், சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊர்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிறது வல்லம் வடகால். ஏரியும் வயலுமாக இருந்த இடம், இப்போது சிப்காட் தொழிற்பேட்டை. புல்லட் மோட்டார் சைக்கிள் செய்கிற தொழிற்சாலை அங்கே இருக்கிறது. விமானத் தொழிலுக்கென்றே தனியாக ஒரு பகுதி ஒதுக்கி இருக்கிறார்கள். ஆளில்லா விமானங்களைச் சோதித்துப் பார்க்கும் நிலையம் ஒன்றும் அந்த ஊருக்கு என்று முடிவாயிற்று. மதிப்பு 45 கோடி ரூபாய். ராணுவ அமைச்சகத்தின் திட்டம் அது. கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் தலைமையில் ஒரு குழு அதை நடத்துவதற்கு 2024-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

ஆளில்லா விமானம் என்றால் போர்க்களம்தான் நினைவுக்கு வரும். நம் விவசாயி அறிந்த ஆளில்லா விமானம் வேறு. ஆறு கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு விசிறி, நடு வயிற்றில் ஒரு மருந்துத் தொட்டி. "டிரோன்" என்கிறோம். வரப்பில் நிற்கும் ஒருவர் கையில் உள்ள கருவியைத் தட்ட, அது எழும்பிப் போய் மருந்து தெளித்துவிட்டுத் திரும்புகிறது.

விமானம் இருக்கிறது. விமானி இல்லை. அவரை ஏன் இறக்கிவிட்டார்கள்? அவர் இறங்கியதோடு ஆபத்தும் இறங்கிவிட்டதா?

முதல் தூள்

அமெரிக்காவில் ஒகையோ மாகாணம். 1921-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி. டிராய் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மரத்தோப்பு. இலை எல்லாவற்றையும் கம்பளிப்பூச்சி தின்று தீர்த்துக்கொண்டிருந்தது.

ஜான் மெக்ரெடி என்ற ராணுவ விமானி, பழைய போர்ப் பயிற்சி விமானம் ஒன்றைத் தோப்பின் ஓரமாகத் தாழ்வாக ஓட்டினார். விமானத்தின் பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஈயமும் பாஷாணமும் சேர்ந்த விஷத் தூள். எட்டியன் டார்மாய் என்ற எந்திர நிபுணர் அமைத்த பெட்டி அது. கூட உட்கார்ந்து பிடியைச் சுற்றியவரும் அவரே. தூள் புகை போலப் பரவித் தோப்பை மூடியது. பூச்சிகள் செத்து விழுந்தன.

அவ்வளவுதான், பருத்திக்காரர்கள் விமானத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தூள் தூவுவதற்கென்றே கம்பெனிகள் கிளம்பின. அப்படிக் கிளம்பிய ஒரு கம்பெனி, பின்னால் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. உலகத்தின் பெரிய விமானக் கம்பெனிகளில் ஒன்றான டெல்டா அதுதான்!

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, மருந்து தெளிப்பதற்காகவே "பசந்த்" என்ற விமானத்தைச் செய்தது. அது முதலில் பறந்தது 1972-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி. மொத்தம் செய்தது 39 விமானம். 1980-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு வினாடி, ஒரு ஏக்கர்

மருந்து தெளிக்கும் விமானத்தின் வேகம் மணிக்கு 120 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 176 அடி. ஒரு ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால், ஒரு பக்கம் சுமார் 209 அடி. ஆக, விமானம் ஒரு ஏக்கரைக் கடக்க ஆகும் நேரம் ஒரு வினாடிக்குக் கொஞ்சம் கூட!

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் நிலம் சராசரி இரண்டு ஏக்கருக்கும் குறைவு. 2015-16-ம் ஆண்டு கணக்கு இது. விமானி கையை அரை வினாடி தாமதமாக எடுத்தால், மருந்து அடுத்தவர் நிலத்திலும் விழும். அடுத்தவர் நிலத்தில் என்ன இருக்கும்? வெற்றிலைக் கொடிக்கால் இருக்கலாம். மீன் குட்டை இருக்கலாம். பட்டுப்புழுவுக்குப் போடும் முசுக்கொட்டை இலையாக இருந்தால், அந்த இலையைத் தின்ற புழு பிழைக்காது.

அதனால்தான் பெரிய விமானம் நம் நெல் வயலைவிட, விரிந்து கிடக்கும் இடங்களுக்கே அதிகம் பொருந்தியது. கேரளத்து ரப்பர் தோட்டம், முந்திரித் தோட்டம், வடக்கே வெட்டுக்கிளி இறங்கும் பாலைவனம். 2020-ம் ஆண்டு ராஜஸ்தானில் வெட்டுக்கிளிப் படை இறங்கியபோதுகூட ஹெலிகாப்டரும் டிரோனும் மருந்து தெளித்தன.

கண்ணுக்குத் தெரியாத கம்பி

விமானியின் இருக்கைக்கு வருவோம்.

10 அடி உயரத்தில் இருந்து ஒரு பொருள் தரையில் விழ முக்கால் வினாடி போதும். எந்திரம் ஒரு முறை இருமினால், விமானிக்கு உள்ள அவகாசம் அவ்வளவுதான்.

வயலின் கோடிக்குப் போனதும் விமானத்தைச் சட்டென்று மேலே தூக்கி, வளைத்துத் திருப்பி, மறுபடி இறக்க வேண்டும். நாம் ஏர் ஓட்டுகிறபோது மாட்டைத் திருப்புகிற மாதிரிதான். ஆனால் மாடு நின்று திரும்பும். விமானம் நிற்க முடியாது. திருப்பத்தில் வேகம் குறைந்தால் சிறகுக்குக் காற்றில் பிடி போய்விடும். விமானம் கல் போல விழும். தொட்டி நிறைய மருந்து, வெயிலில் சூடாகி மெலிந்த காற்று, இரண்டும் சேர்ந்தால் பிடி இன்னும் சீக்கிரம் போகும். ஒரு நாளைக்கு ஒரு திருப்பமா, இரண்டு திருப்பமா? நூற்றுக்கணக்கில்!

இதையும்விடப் பெரிய எமன் மின்சாரக் கம்பி.

எதிரே வருகிற கம்பி விமானியின் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது கம்பம்தான். அதனால் பழுத்த விமானிகள் கம்பியைத் தேடுவதில்லை, கம்பத்தைத் தேடுகிறார்கள். இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடுவே கம்பி இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். உயர் அழுத்த மின் கோபுரங்களில் இன்னொரு சங்கடம். கனமான கம்பிகளுக்கு மேலே, இடி தாங்குவதற்காக மெல்லிய கம்பி ஒன்று போகும். கனமான கம்பியைப் பார்த்து மேலே ஏறுகிற விமானி, மெல்லிய கம்பியில் மாட்டிக்கொள்வார்.

இதில் விசித்திரம் என்ன தெரியுமா? கம்பி இருப்பது தெரியாமல் மோதினவர்கள் மட்டும் அல்ல, தெரிந்தே மோதினவர்களும் நிறையப் பேர். காலையில் அதே கம்பிக்கு அடியில் பத்து முறை போய் வந்திருப்பார். பதினோராவது முறை சூரியன் கண்ணில் அடிக்கும். அல்லது தொட்டியில் மருந்து எவ்வளவு மீதி என்று ஒரு கணம் குனிந்து பார்ப்பார்.

அமெரிக்காவில் 2013-ம் ஆண்டு ஒரே ஆண்டில் விவசாய விமானங்கள் 78 விபத்தில் சிக்கின. அதற்கு முன்பு, 2011-ம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் ஒரு விமானி விதை தூவிக்கொண்டிருந்தார். காற்றின் வேகத்தை அளக்க நட்டிருந்த ஒல்லிக் கம்பத்தில் மோதி இறந்து போனார். இந்த மாதிரிக் கம்பம் 200 அடிக்குக் குறைவாக இருந்தால் வண்ணம் பூச வேண்டும், விளக்குப் போட வேண்டும் என்ற கட்டாயம் அப்போது அந்த நாட்டில் இல்லை. காற்றாலை வைக்கிற ஊரில் எல்லாம் இப்படிக் கம்பம் நடுவார்கள். நம் ஆரல்வாய்மொழிப் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை.

இவ்வளவு சாவுக்குப் பிறகு விமானத்தின் உருவத்தையே மாற்றினார்கள். மருந்துத் தொட்டி முன்னால் போயிற்று; விமானி அதற்குப் பின்னால் போனார். மோதினால் தொட்டியின் கனம் வந்து முதுகில் விழாமல் இருப்பதற்காக. நாலு பக்கமும் தெரிய இருக்கையை உயரத்தில் வைத்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் கம்பி அறுக்கும் கத்தி வைத்தார்கள்! நம் பசந்துக்கும் இருக்கை உயரம்தான்.

கொடிக்காரர்

விமானியாவது கூலியோடு பேரும் வாங்கினார். இன்னொருவர் இருந்தார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எந்த வரிசை தெளித்தாயிற்று, எது பாக்கி என்று மேலே இருந்து தெரியாது. அதனால் வயலின் கோடியில் ஓர் ஆள் கொடி பிடித்து நிற்பார். விமானம் அந்தக் கொடியைக் குறி வைத்து நேரே வரும். வந்து தலைக்கு மேலே போனதும், கொடிக்காரர் சில அடி நகர்ந்து அடுத்த வரிசைக்கு நிற்பார். மருந்து அவர் மேலும் விழும். காலையில் இருந்து மாலை வரை விழும். செயற்கைக்கோளைக் கொண்டு இடம் காட்டும் கருவி விமானத்துக்கு வந்த பிறகுதான் அவர் அந்த இடத்தைவிட்டு நகர முடிந்தது.

விஷம் விமானியையும் விடவில்லை. பாரத்தியான் போன்ற மருந்துகள் கண்ணில் பட்டால் கண்மணி ஊசித் துவாரம் போலச் சுருங்கிவிடும். பார்வை மங்கும். 120 மைல் வேகத்தில், 10 அடி உயரத்தில், பார்வை மங்கினால்?

மேலே போனால் என்ன?

இவ்வளவு ஆபத்து என்றால், கொஞ்சம் உயரத்தில் பறந்து தெளிக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

தலைமயிரின் பருமன் உள்ள ஒரு மருந்துத் துளி 10 அடி உயரத்தில் இருந்து தரைக்கு வர 10 வினாடி ஆகும். நடக்கிற வேகத்தில் காற்று வீசினால், அதற்குள் 44 அடி தள்ளிப் போய்விடும். துளி அதில் ஐந்தில் ஒரு பங்காக இருந்தால்? தரைக்கு வர நாலு நிமிஷம். 1,100 அடி தள்ளிப் போகும். அதற்குள் அது உங்கள் வயலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்துவிடும். இது 10 அடியில் இருந்து விழுகிற கணக்கு. 50 அடியில் இருந்து என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே தாழப் பறந்தால் விமானிக்கு ஆபத்து. உயரப் பறந்தால் ஊருக்கு ஆபத்து. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

காற்றே இல்லாத விடியற்காலையில் தெளித்தால் நல்லதுதானே என்று தோன்றும். அதிலும் ஒரு சூது இருக்கிறது. மார்கழி மாதத்துக் காலையில் அடுப்புப் புகை மேலே போகாமல், பாய் விரித்தது போல ஊர் மேலேயே படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். போகி அன்று சென்னையில் இதே சங்கதிதான். தரை குளிர்ந்து, மேலே காற்று சூடாக இருப்பதால் வருகிற வினை. அந்த நேரத்தில் தெளித்த நுண்ணிய துளியும் புகை போல அப்படியே படுத்து, மெல்ல ஊர்ந்து, பள்ளத்தில் இருக்கும் வீடுகளைத் தேடிப் போகும்.

காசர்கோடு மலையிலே

கேரளத்தின் வட கோடியில் காசர்கோடு மாவட்டம். மேட்டில் எல்லாம் அரசாங்கத் தோட்டக் கழகத்தின் முந்திரி மரங்கள். பள்ளத்தில் எல்லாம் வீடுகள். குன்றில் ஊறி வரும் ஓடைத் தண்ணீர், குன்றைக் குடைந்து எடுக்கும் சுரங்கக் கிணற்றுத் தண்ணீர், இவைதான் குடிக்க, குளிக்க.

முந்திரிப் பூவைக் கருக்கும் கொசு போன்ற ஒரு பூச்சிக்காக, எண்டோசல்பான் என்ற மருந்தை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். 1970-களில் தொடங்கி 2000-ம் ஆண்டு வரை, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை. பரப்பு 11 ஆயிரம் ஏக்கருக்கு மேல். மேடும் பள்ளமுமான இடத்தில் ஹெலிகாப்டர் மரத்தை ஒட்டித் தாழப் பறக்க முடியுமா? மருந்து மேட்டில் தெளித்தால் பள்ளத்துக்கு வராமல் இருக்குமா?

கிணற்றை மூடலாம். ஓடையை எதைக் கொண்டு மூடுவது?

என்மகஜே பஞ்சாயத்தில் பட்ரே என்ற சிற்றூர். அங்கே வைத்தியம் பார்த்து வந்த டாக்டர் மோகன் குமார், ஒரு சிறிய ஊரில் இத்தனை பேருக்கு இப்படி நோய் வருமா என்று திகைத்தார். பிறவிக் குறையோடு குழந்தைகள், வலிப்பு, மன வளர்ச்சி குன்றியவர்கள், புற்று நோய். அவர் எழுதத் தொடங்கினார். லீலாகுமாரி அம்மா என்ற பெண்மணி இன்னொரு பக்கம் எழுந்தார். வேலை பார்த்தது எங்கே தெரியுமா? விவசாய இலாகாவிலேதான்! 1998-ல் அவர் கோர்ட்டுக்குப் போனார். 2000-ம் ஆண்டு ஆகாயத்தில் இருந்து தெளிப்பதற்குத் தடை வாங்கினார்.

நோய்க்கு அந்த மருந்துதான் காரணமா என்று நிபுணர்களுக்குள் பல ஆண்டுகள் வாதம் நடந்தது. கமிட்டி மேல் கமிட்டி போட்டார்கள். கடைசியில் 2011-ம் ஆண்டு ஏப்ரலில் ஜெனீவாவில் கூடிய நாடுகள், உலகத்தில் இருந்தே எண்டோசல்பானை ஒழிக்க முடிவு செய்தன. அடுத்த மாதம் 13-ந் தேதி நம் சுப்ரீம் கோர்ட்டும் தடை போட்டது. பாதிக்கப்பட்ட 5 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017-ம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பு வந்தது. மூன்று மாதத்தில் கொடுக்க வேண்டும். 2022-ம் ஆண்டிலும் பலருக்கு அது போய்ச் சேரவில்லை என்று கோர்ட்டு கடிந்துகொண்டது.

விதி எதுவும் இல்லாத நாட்டில் இது நடக்கவில்லை. ஆகாயத்தில் இருந்து மருந்து தெளிப்பதானால், 24 மணி நேரத்துக்கு முன்பே ஊருக்கு அறிவிக்க வேண்டும், ஆடு மாடும் ஆட்களும் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும், முதல் உதவிக்கும் கழுவிக்கொள்வதற்கும் வசதி செய்ய வேண்டும், விஷத்தின் விளைவு என்ன என்று விமானிக்குப் பாடம் சொல்லியிருக்க வேண்டும் என்றெல்லாம் 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளிலேயே எழுதி இருக்கிறது.

தொட்டி சிறிது, விஷம் பெரிது

இப்போது டிரோனுக்கு வருவோம். ஒரு வகையில் இது பெரிய விடுதலை. கம்பியில் மோதினால் உடைவது எந்திரம்தான். ஒரு வீட்டில் விளக்கு அணைவது இல்லை. விமானம் போல் வேகம் இல்லாததால் ஓர் ஏக்கரையும் அதற்குள் அடக்கித் தெளிக்க முடியும். முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு, விஷப் புகைக்குள்ளேயே நடக்கிற கூலியாளின் துன்பமும் குறைகிறது. 2023-ம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த ஒரு திட்டத்தில், 15 ஆயிரம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் கையில் விமானம்! சந்தோஷமான செய்திதான்.

ஆனால் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் கலப்போம். டிரோன் தொட்டியில் பிடிப்பது சுமார் 10 லிட்டர். ஒரு ஏக்கருக்கு உரிய மருந்து முழுவதும் அந்த 10 லிட்டரிலேயே கரைகிறது. அதாவது ஒவ்வொரு துளியும் 20 மடங்கு காட்டம். துளியும் நுண்ணியது. காற்று அடித்தால் பறந்து வருவது அந்தக் காட்டமான துளிதான்.

இன்னொன்றும் கவனித்தேன். டிரோன் ஓட்டுகிறவர் பயிற்சி பெற்றவர், முகமூடி போட்டிருப்பார். பேட்டரி மாற்றவும் தொட்டி நிரப்பவும் கூட ஒரு பையன் வருவான். வயலின் கோடியில், காற்று வீசும் பக்கமே நின்றுகொண்டிருப்பான். அவன் முகத்தில் ஒன்றும் இருக்காது. பழைய கொடிக்காரரேதான், கையில் கொடி மட்டும் இல்லை. அவனுக்குப் பின்னால், வேடிக்கை பார்க்க ஓடி வந்த பிள்ளைகள்.

உங்கள் ஊரில் டிரோன் இறங்கினால்

24 மணி நேர அறிவிப்பு டிரோனுக்கும் உண்டு. மத்திய விவசாய அமைச்சகம் 2021-ம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட நடைமுறையில் இது இருக்கிறது. முந்தின நாளே சொல்லிவிட்டார்களா என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். கிணற்றை மூடுங்கள். தொட்டித் தண்ணீரையும் மூடுங்கள். மாட்டை வேறு பக்கம் கட்டுங்கள். காயப்போட்ட துணியையும் வடாத்தையும் எடுத்து உள்ளே வையுங்கள். பிள்ளைகளைக் காற்று போகிற திசைக்கு, அதாவது டிரோனில் இருந்து காற்று அடித்துக்கொண்டு போகும் பக்கத்துக்கு, அனுப்பாதீர்கள், வீட்டுக்குள் இருக்கட்டும்.

மருந்துப் புட்டியைப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. சாய்சதுரமாக ஒரு கட்டம் போட்டு, கீழ்ப்பாதியில் வண்ணம் பூசி இருப்பார்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். அதற்கு அடுத்தது நீலம். கடைசியில் பச்சை. பச்சை என்பதால் பயிருக்கு உரம் என்று நினைத்துவிடாதீர்கள்; அதுவும் விஷம்தான்.

வேலை முடிந்ததும் தொட்டியை எங்கே கழுவுகிறார்கள் என்று பாருங்கள். ஏரியிலும் வாய்க்காலிலும் கழுவ விடக்கூடாது.

யார் மேலாவது மருந்து பட்டு, தலை சுற்றி, வாந்தி வந்து, கண் மங்கினால் உடனே துணியைக் களைந்து சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். வாய்க்குள் விரலைவிட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த மருந்துப் புட்டியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்குத் தகுந்த மாற்று மருந்து கொடுக்க முடியும்.